காலில் பலம் இருக்கிறது, அடி மட்டும் ஏன் எழவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்குச் சில வருடங்களாகப் பார்க்கின்சன். மாடிப்படியை யார் துணையும் இல்லாமல் ஏறிவிடுகிறார். ஆனால் சமதரையில் நடந்து அறை வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். தசையிலும் காலுக்குப் போகும் நரம்பிலும் கோளாறு இல்லை என்று பரிசோதனைகள் சொல்கின்றன. "அப்படியென்றால் மூளையில் நடக்கவைக்கும் பகுதி வேலை செய்வதை நிறுத்திவிட்டதா? நிறுத்திவிட்டதென்றால் படி மட்டும் எப்படி ஏறுகிறார்? மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவை செய்தால் இது சரியாகுமா?"

படியையும் வாசலையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்த நோயின் முடிச்சே அந்த முரணில்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு, "மனசு வைத்தால் நடக்கிறார், இல்லாவிட்டால் அடம் பிடிக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். தயவுசெய்து அப்படி எண்ணாதீர்கள். உங்கள் அப்பா நடிக்கவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை.

தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் பாதை ஒன்று உண்டு. பெருமூளைப் புறணியின் இயக்கப் பகுதியில் தொடங்கி, தண்டுவடம் வழியாக இறங்கி, தசையில் போய் முடியும். பக்கவாதத்தில் பெரும்பாலும் அடிபடுவது அந்தப் பாதை. பார்க்கின்சனில் அது ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். அதனால்தான் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கெட்டுப்போவது வேறொரு சுற்று. எந்த அசைவை இப்போது விடலாம், எவ்வளவு வேகமாக, எவ்வளவு பெரிதாக விடலாம், ஒன்று முடிந்ததும் யோசிக்காமலே அடுத்ததற்கு எப்படிப் போவது என்று பார்த்துக்கொள்ளும் சுற்று அது. அதற்குப் பேசல் கேங்லியா என்று பெயர். மூளையின் நடு ஆழத்தில், இரண்டு பக்கமும் இருக்கும் சில செல் திட்டுகளின் கூட்டம். இது வேலையை நிறுத்திவிடுவதும் இல்லை. அதன் சில இடங்களில் மின் செயல்பாடு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. தவறான தாளத்தில் இருக்கிறது என்பதுதான் தொல்லை.

நோயாளிக்குப் பலம் குறையவில்லை என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறே ஆறு பேரைப் பற்றி எழுதிய சிறு நூலில்தான் இந்த நோய் முதலில் தெளிவாகப் பதிவானது. அந்த ஆறில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி, தொட்டுப் பரிசோதிக்கவே இல்லை. அவர் இதை நடுக்கத்தோடு கூடிய வாதமாகப் பார்த்தார். பின்னால் வந்த பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோதான், இவர்களுக்குப் பெரிதாகப் பலக்குறைவு இல்லை, மந்தம் என்பது விறைப்பிலிருந்தும் நடுக்கத்திலிருந்தும் தனியான ஒன்று என்று பிரித்துக் காட்டினார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை வைத்தவரும் அவரே.

சரி, அந்தச் சுற்றில் என்ன கெடுகிறது?

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கரிய திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்களில் சேரும் நிறமிதான் அந்தக் கருமைக்குக் காரணம். பார்க்கின்சன் முற்றியவரின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் வெட்டிப் பார்த்தால் அந்தக் கருப்பு வெளுத்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். நரம்பு செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் டோபமின் என்ற வேதிப்பொருளை அனுப்பும் இந்தச் செல்கள் எண்ணிக்கையில் சொற்பம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாகக் கணக்கு; அதில் இவை இரு பக்கமும் சேர்த்துச் சில லட்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் விடும் கிளைகள் மலைக்க வைப்பவை. ஒரே ஒரு செல்லின் இழை, பேசல் கேங்லியாவின் உள்வாசலான ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குள் போய்ப் பிரிந்து பிரிந்து, மனிதரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்பிடங்களை உண்டாக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். போதாததற்கு, வெளியிலிருந்து தூண்டுதல் வராவிட்டாலும் இவை தாமாகவே இரவும் பகலும் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் உள்ளே வரும். அதை வெளியே தள்ள ஆற்றல் வேண்டும். இவ்வளவு கிளைகளையும் பராமரித்து, ஓயாமலும் உழைக்கும் செல் முதலில் களைத்துச் சாவது ஆச்சரியம் இல்லை என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். அதோடு ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து இந்தச் செல்களுக்குள் உருண்டையாகத் திரளும். ஃப்ரெடெரிக் லூயி 1912-இல் விவரித்த உருண்டைகள் இவை. அவற்றுக்குள் இருப்பது இந்தப் புரதம்தான் என்று தெரிந்தது 1997-இல்.

இழப்பு ஒரு நாளில் வருவதில்லை. முதல் அறிகுறி தெரியும் நேரத்தில் இந்தச் செல்களில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும், ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் அதைவிடக் குறைந்திருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மீதிச் செல்கள் கூடுதலாக உழைத்துச் சமாளித்து வந்திருக்கின்றன. மோப்ப சக்தி குறைவது, மலச்சிக்கல், கனவில் கை கால் வீசுவது போன்றவை அதற்குப் பல வருடம் முன்பே தலைகாட்டியிருக்கலாம். அது தனிக் கதை.

ஸ்ட்ரையேட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வறண்டுபோவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அதில் புட்டாமென் என்ற பகுதியின் பின்பாதிதான் முதலிலும் அதிகமாகவும் டோபமினை இழக்கிறது. இறந்தவர்களின் மூளையை அளந்து 1988-இல் இதைக் காட்டினார்கள். உங்கள் அப்பாவின் வாசல் பிரச்சினைக்கு இந்த "பின்பாதி" மிக முக்கியம். பிறகு வருகிறேன்.

டோபமின் குறைந்தால் அசைவு ஏன் மந்தமாக வேண்டும்? பேசல் கேங்லியாவின் வெளிவாசலில் இருக்கும் செல்கள் சும்மா இருக்கும்போதே நொடிக்கு அறுபது, எழுபது தடவை துடித்து, புறணிக்குச் செய்தி அனுப்பும் தலாமஸ் என்ற நடுமையத்தையும் மூளைத்தண்டையும் அடக்கிக்கொண்டே இருக்கின்றன. இயல்பு நிலையே பிரேக் போட்ட நிலைதான். ஓர் அசைவு வேண்டும் என்றால் அதற்குரிய இடத்தில் மட்டும் பிரேக் விடப்படுகிறது. ஸ்ட்ரையேட்டத்திலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று நேரே போய் பிரேக்கைத் தளர்த்துவது. மற்றது சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு திட்டைச் சுற்றிக்கொண்டு போய் பிரேக்கை இறுக்குவது. டோபமின் முதல் பாதையை ஊக்குவிக்கும், இரண்டாவதை அடக்கும். டோபமின் போய்விட்டால்? தளர்த்தும் கை சோர்கிறது, இறுக்கும் கை ஓங்குகிறது. 1989-90 வாக்கில் உருவான இந்தச் சித்திரத்தைத்தான் இன்றும் எல்லா மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள்.

அதற்கு வலுவான சாட்சியும் கிடைத்தது. 1982-இல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயின் போன்ற ஒரு போதைப்பொருளை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களிலேயே அசையமுடியாமல், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள் சப்ஸ்டான்ஷியா நைக்ராவைக் குறிபார்த்து அழித்திருந்தது. அவர்களுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் அந்த வேதிப்பொருளை வைத்துக் குரங்குகளில் இதே நிலையை உண்டாக்கி ஆராய வழி பிறந்தது. அப்படிப்பட்ட குரங்குகளில் சப்தலாமிக் நியூக்ளியஸைச் சிதைத்தபோது, உறைந்துபோயிருந்தவை மறுபடி நகர ஆரம்பித்தன. இது 1990. மூளையில் இன்னொரு இடத்தையும் அழித்து நோயாளியை நடக்கவைக்கலாம் என்றால், அந்த இடம் அதுவரை கூடாததைச் செய்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? "மூளை வேலை செய்யவில்லை" என்று உறவினர்கள் சொல்வது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

ஆனால் பிரேக் கதையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அதில் பெரிய ஓட்டைகள் உண்டு. வெளிவாசல் செல்களையே அறுவையில் அழித்துவிட்டால் பிரேக்கே இல்லாமல் உடம்பு தாறுமாறாக ஆட வேண்டும். நடப்பது நேர்மாறு: மருந்தால் வரும் தேவையற்ற ஆட்டம் அடங்கிவிடுகிறது. அப்புறம் 2013-இல் எலிகளில் அளந்து பார்த்தபோது, ஓர் அசைவு தொடங்கும் நேரத்தில் தளர்த்தும் பாதை, இறுக்கும் பாதை இரண்டும் சேர்ந்தே சுறுசுறுப்பாவது தெரிந்தது. எவ்வளவு துடிக்கிறது என்பதோடு எப்படித் துடிக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்று ஆயிற்று.

இங்கேதான் தாளம் வருகிறது. நரம்பு செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கம் அலையாகப் பதிவாகும். நொடிக்கு 13 முதல் 30 தடவை வரை வரும் அலைக்குப் பீட்டா என்று பெயர். நமக்கு எல்லோருக்கும் இது உண்டு. ஒரு நிலையில் அசையாமல் இருக்கும்போது பீட்டா இருக்கும். கையைத் தூக்கப் போகிறோம் என்றால், தூக்குவதற்குச் சற்று முன்பே அது தணியும். அசைவு முடிந்ததும் திரும்ப எழும். இருப்பதை இருக்கிறபடி வைத்துக்கொள் என்ற நிலையோடு சேர்ந்து வரும் தாளம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பார்க்கின்சனில் சப்தலாமிக் நியூக்ளியஸிலும் அதைச் சுற்றியும் இந்தப் பீட்டா பலமாகிவிடுகிறது. தனித்தனியாகப் பேச வேண்டிய செல்கள் ஒரே குரலில் முழங்குகின்றன. அசைவுக்கு முன் தணிய வேண்டிய அளவுக்குத் தணிவதும் இல்லை. ஆரோக்கியமான மூளையில் பீட்டா சட்டென்று எழுந்து அடங்கும் சிறு சிறு வெடிப்புகளாக வரும். இங்கே அந்த வெடிப்புகள் நீண்டுவிடுகின்றன. நீண்ட வெடிப்புகள் எவ்வளவு அதிகமோ, மந்தமும் விறைப்பும் அவ்வளவு அதிகம். மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் பீட்டா இறங்குகிறது, கையும் காலும் இளகுகின்றன.

எல்லாவற்றுக்கும் பீட்டாதான் காரணம் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வெளியிலிருந்து அதே வேகத்தில் மின்தூண்டல் கொடுத்து அசைவை மந்தமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். மந்தமாகிறதுதான், ஆனால் கொஞ்சமாக. ஆகவே பீட்டா ஒரு நல்ல அடையாளம், காரணத்தில் ஒரு பங்கும் அதற்கு உண்டு. நோயே அதுதான் என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தாளத்தைக் காதாலேயே கேட்கும் இடம் ஒன்று உண்டு: நீங்கள் கேட்ட மின்கம்பி அறுவை, அதாவது ஆழ்மூளைத் தூண்டல், நடக்கும் அரங்கம். இன்று மயக்கம் கொடுத்துச் செய்யும் மையங்களும் இருக்கின்றன. பழைய முறையில் நோயாளி விழித்திருப்பார். முந்தின இரவிலிருந்து மாத்திரை கிடையாது. அதனால் கை நடுங்கியபடி, உடம்பு விறைத்தபடி படுத்திருப்பார். மண்டையில் போட்ட சிறு துளை வழியாக மயிரிழை போன்ற மின்முனையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அடிகளாக இறக்குவார்கள். அது பிடிக்கும் மின்துடிப்புகள் ஒலிபெருக்கியில் கேட்கும். முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொடுக்குச் சத்தம். பிறகு ஒரு நிசப்தமான பகுதி. திடீரென்று இரைச்சல் கூடும், பல செல்கள் கொத்துக் கொத்தாகப் பொரியும்: சப்தலாமிக் நியூக்ளியஸுக்குள் முனை நுழைந்துவிட்டது. அப்போது ஒருவர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டுவார். அதற்கேற்ப இரைச்சலும் ஏறி இறங்கினால் கைக்குரிய இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். அங்கேயே மின்தூண்டலைப் போட்டுப் பார்ப்பார்கள். விறைத்திருந்த மணிக்கட்டு, பிடித்திருப்பவரின் கையிலேயே இளகும். முழுவதும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் சொச்சமே நீளம் உள்ள திட்டு அது.

சரி, வாசலுக்கு வருவோம்.

நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் நாம் யோசிக்காமல் செய்பவை. வருடக்கணக்கில் பழகிப் பழகி, கவனம் தேவைப்படாத வழக்கங்களாகிவிட்டவை. அப்படிப்பட்ட பழக்க அசைவுகளோடு நெருங்கிய தொடர்புள்ள இடம்தான் புட்டாமெனின் பின்பாதி. பார்க்கின்சன் முதலில் கை வைப்பதும் அங்கேதான். எனவே தானாக நடந்துகொண்டிருந்தது தானாக நடப்பதில்லை. ஒவ்வோர் அடியையும் கவனம் கொடுத்து, இலக்கு வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வழி பெருமளவு கெடாமல் இருக்கிறது, ஆனால் மெதுவானது, களைப்பூட்டுவது, ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் தாங்கும். நடக்கும்போது அவரிடம் ஏதாவது கேள்வி கேட்டால் நடை தளர்வதும் நின்றுவிடுவதும் இதனால்தான். கவனத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம், நடை நின்றுபோகிறது.

படியில் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும் இலக்கு. காலை எங்கே, எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று வெளியிலிருந்தே தகவல் வருகிறது. உள்ளிருந்து, நாமாகவே தொடங்கும் அசைவில் புறணியின் மேல்நடுப் பகுதி ஒன்று முன்னின்று வேலை செய்கிறது. பேசல் கேங்லியாவின் வெளியீட்டை அது பெரிதும் நம்பியிருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அந்தப் பகுதி போதுமான அளவு சுறுசுறுப்படைவதில்லை என்று 1990-களின் தொடக்கத்திலேயே மூளைப் படங்கள் காட்டின. டோபமின் மருந்து கொடுத்ததும் அது கொஞ்சம் மீண்டது. கண்ணாலோ காதாலோ வரும் குறிப்பைப் பின்பற்றும் அசைவில் பக்கவாட்டில் உள்ள வேறு பகுதிகளும் சிறுமூளையும் கைகொடுக்கின்றன. அந்த வழி கெடாமல் இருக்கிறது. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் உறைந்து நிற்பவர் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார் என்பது 1960-களிலிருந்தே தெரியும். நடைக்கு இணையான நெடுங்கோடுகள் பயன்படாது, குறுக்கே இருக்க வேண்டும். தாளக்கருவியின் டக் டக் சத்தமும் பலருக்கு உதவும்.

வாசலில் இதற்கு எதிரானது நடக்கிறது. அடியை வழிகாட்டக் குறிப்பு எதுவும் இல்லை, இடம் குறுகுகிறது, பெரும்பாலும் அங்கேதான் திரும்பவும் வேண்டியிருக்கிறது, யாராவது பின்னால் நின்று அவசரப்படுத்தினால் பதற்றமும் சேர்கிறது. குறுகல், திருப்பம், அவசரம் இந்த மூன்றும் உறைதலை வரவழைப்பதில் பேர்போனவை. உறைவதற்கு முந்தைய ஐந்தாறு அடிகளை ஒருமுறை நன்றாகக் கவனியுங்கள். அடி சட்டென்று நிற்காது. ஒவ்வோர் அடியும் முந்தினதைவிடச் சிறிதாகும், வேகம் கூடும், பிறகுதான் நிற்கும். நின்ற பிறகும் முழங்கால்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும், நொடிக்கு மூன்றிலிருந்து எட்டு தடவை. உள்ளே கட்டளை ஓய்ந்துபோகவில்லை. உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, ஒன்றை விடுவிக்கும் அந்த ஒரு கணம்தான் கூடிவரவில்லை.

இந்தச் சுருங்கிக்கொண்டே போகும் தன்மை கையிலும் உண்டு. மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பெரிதாகத் திறந்து வேகமாகத் தட்டச் சொல்வாரே, அவர் பார்ப்பது வேகத்தை மட்டும் அல்ல. முதல் நான்கைந்து தட்டுகள் அகலமாக இருக்கும், போகப் போக விரல் இடைவெளி குறையும், நடுவில் ஒரு தயக்கம் வரும். கையெழுத்து வரியின் கடைசியில் சிறிதாவதும் குரல் வாக்கியத்தின் முடிவில் தேய்வதும் இதே சங்கதி. 2007-இல் வந்த ஓர் ஆய்வு இதைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு கருத்தைச் சொன்னது: நோயாளிகளுக்குக் குறிப்பிட்ட வேகத்தில் கை நீட்டச் சொன்னால், மற்றவர்களைப் போலவே துல்லியமாக நீட்ட முடிகிறது, ஆனால் அந்த வேகத்தை எட்டுவதற்கு அவர்களுக்கு அதிகத் தடவைகள் தேவைப்படுகின்றன. முடியாமை இல்லை, இந்த அசைவுக்கு இவ்வளவு செலவழிக்கலாம் என்று மூளை தனக்குள் போடும் கணக்கு சிக்கனமாகிவிட்டிருக்கிறது. டோபமின் அந்தக் கணக்கைத்தான் தாராளமாக்குகிறது என்று பார்த்தால், தீப்பிடித்தால் எழுந்து ஓடிய நோயாளிகளின் கதைகளும் விளங்கும்.

நடுக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள். நொடிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை, கை ஓய்வாக இருக்கும்போது வரும் அந்த ஆட்டத்துக்கு வேறு சுற்றும் துணைபோகிறது: சிறுமூளை, தலாமஸ், புறணி. பேசல் கேங்லியா அதைக் கிளப்பிவிடுகிறது, சிறுமூளைச் சுற்று அதை ஏற்றி இறக்குகிறது என்பது இப்போது ஓரளவு ஏற்கப்பட்ட கருத்து. டோபமின் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடு நடுக்கம் சரியாகப் பொருந்தாததும், மாத்திரைக்குச் சிலரின் நடுக்கம் மசியாததும் அதனால்தான். மனதுக்குள் கணக்குப் போடச் சொன்னால் நடுக்கம் கூடும். உங்கள் அப்பாவுக்கு நடுக்கம் பெரிதாக இல்லை என்றால், "அப்போ இது பார்க்கின்சனே இல்லையோ" என்று குழம்ப வேண்டாம். நோயைத் தீர்மானிக்க மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும், அதோடு நடுக்கம் அல்லது விறைப்பு ஏதாவது ஒன்று போதும்.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம். அர்விட் கார்ல்சன் 1957-இல் டோபமினை வற்றச் செய்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்து எழுப்பிவிட்டார். 1960-இல் வியன்னாவில் ஹோர்னிக்கிவிச்சும் எரிங்கரும் நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதைக் கண்டார்கள். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபா அடங்கிய டோபா கலவையை வாய்வழியாகப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பலனைக் காட்டினார். டோபமினையே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, லெவோடோபா போகும். வழியிலேயே மாறிவிடாமலிருக்கக் கார்பிடோபா போன்ற ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் லெவோடோபா ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் நரம்பு நுனிகள் டோபமினைச் சேமித்துவைத்து நிதானமாக விடுவதால் இது தெரியாது. நுனிகள் குறையக் குறைய, மூளை ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்ற ஆரம்பிக்கும். மருந்து பிடித்திருக்கும் நேரம், விட்டுப்போன நேரம் என்று நாள் இரண்டாகப் பிரிவது அதனால். சிலருக்குப் புரதம் அதிகமான சாப்பாட்டுடன் மாத்திரை போட்டால் பிடிப்பது தாமதமாகும், இரண்டும் ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. நேரத்தையோ அளவையோ மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கடைசியாக அறுவை. ஆழ்மூளைத் தூண்டலை 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழு நடுக்கத்துக்காகத் தலாமஸில் தொடங்கியது. 1990-களில் சப்தலாமிக் நியூக்ளியஸுக்கு மாற்றி மந்தத்துக்கும் விறைப்புக்கும் பயன்படுத்தினார்கள். பொதுவாக நொடிக்கு 130 தடவை போல மின்துடிப்பு கொடுப்பார்கள். அது மிகையான பீட்டாவைக் கலைக்கிறது என்பது அளந்து பார்த்த விஷயம். பீட்டாவை அளந்து தூண்டலைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகளுக்கு 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. நோயின் போக்கை இது நிறுத்தாது.

உறைதல் சரியாகுமா என்பதற்கு ஒரு நடைமுறை விதி இருக்கிறது: நடுக்கத்தைத் தவிர, லெவோடோபாவுக்கு எது மசிகிறதோ அதற்குத்தான் தூண்டலும் மசியும். மருந்து விட்டுப்போன நேரத்தில் மட்டும் உறைந்து, மருந்து நன்றாகப் பிடித்ததும் சரளமாக நடக்கிறார் என்றால் அறுவையால் உறைதல் குறைய வாய்ப்பு உண்டு. மருந்து முழுவதும் பிடித்திருக்கும்போதும் வாசலில் நிற்கிறார் என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அந்த வகை உறைதலில் டோபமினுக்கு அப்பாற்பட்ட இடங்களும், நடையையும் சமநிலையையும் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டுப் பகுதிகளும் கெட்டிருக்கக்கூடும். சிலருக்கு அறுவைக்குப் பின் பேச்சும் சமநிலையும் மோசமாவதும் உண்டு. கைநடுக்கம் நின்றுவிட்டதே என்று மகிழ்ந்த குடும்பம், விழுவது கூடிவிட்டதே என்று திகைப்பதைத் தவிர்க்க, இந்தப் பேச்சு அறுவைக்கு முன்பே நடக்க வேண்டும்.

எனவே மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரத்துக்கு, மாத்திரை போட்ட நேரத்தையும் உறைந்து நின்ற நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதே வாசலில், மாத்திரைக்கு முன்பும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் அவர் நடப்பதைக் கால் தெரியும்படி வீடியோ எடுங்கள்; பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். அதுவரை வாசலில் அவர் நின்றுவிட்டால் கையைப் பிடித்து முன்னே இழுக்காதீர்கள், மேல் உடம்பு மட்டும் வந்து கால் வராமல் விழுந்துவிடுவார். பேச்சை நிறுத்தி, நிற்கவிட்டு, எடையை ஒரு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் அவர் காலுக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்கள் அப்பா" என்று சொல்லிப் பாருங்கள்.